‘பிக்கப் பண்ண’ வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வருவோர்க்கு ஒரு வழிகாட்டி

ஓசூரைத் தாண்டி பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழர் எவருக்கும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படும் ஆங்கிலக் கூட்டுவினைகள் புதியவை அல்ல. ‘அம்மாவைப் பிக்கப் பண்ணணும்’, ‘மோட்டாரை ஆஃப் பண்ணு’, ‘சிஸ்டத்துல லாகின் பண்ண முடியலை’, ‘கிளையண்ட்டை ஃபாலோ-அப் பண்ணச் சொன்னாங்க’ என்று காலை முதல் இரவு வரை அவற்றைத் தமிழுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருக்கிறோம். சொல் தெரியாமல் இடறுகிறவர்களைவிட, தெரிந்த சொல்லை ஆங்கில வாக்கியத்துக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் இடறுகிறவர்களே அதிகம். குறிப்பாக, ‘டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தக் கூட்டுவினைகள் வரும்போதுதான் தடுமாற்றம் கூடுகிறது.

காரணம் எளிது. தமிழில் நாம் ‘பிக்கப்’, ‘ஆஃப்’, ‘லாகின்’ ஆகியவற்றைப் பெயர்ச்சொற்களாக எடுத்துக்கொண்டு, வினையாக ‘பண்ண’ என்பதைச் சேர்த்துவிடுகிறோம். காலம், இடம், ஏவல், எச்சம் எல்லாவற்றையும் அந்தப் ‘பண்ண’வே சுமக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘பண்ண’ கழன்று விழுந்துவிட, வினையில்லாத கட்டி மட்டும் கையில் மிஞ்சுகிறது. அதனால்தான் ‘ப்ளீஸ் ஆஃப் தி லைட்’ என்றும் ‘ஐ வாண்ட் டு பிக்கப் ஹர்’ என்றும் வாக்கியங்கள் பிறக்கின்றன. கன்னடத்தில் ‘ஆஃப் மாடி’ என்பதும் இந்தியில் ‘ஆஃப் கரோ’ என்பதும் இதே அமைப்புத்தான் என்பதால், இந்த ஊரில் இப்படிப் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், யாரும் திருத்தவும் மாட்டார்கள். வெளிநாட்டுக் கிளையண்ட்டுடன் பேசும்போதும், நேர்காணலிலும், பலர் படிக்கும் மின்னஞ்சலிலும்தான் இது கண்ணில் படும்.

இக்கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது. தமிழில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒன்றுபோலத் தோன்றும் ஆபத்து ஓரிடத்தில் உண்டு: விளக்கை அணைக்கும்போது வருவதை ‘ஆஃப்’ என்றும், ‘உடைய’ என்ற பொருளில் வருவதை ‘ஆவ்’ என்றும் எழுதுகிறேன். உச்சரிப்பிலும் அந்த வேறுபாடு உண்டு.

முதற்படி: ‘பண்ண’வைக் கழற்றி, உள்ளே இருக்கும் வினையைக் கண்டுபிடித்தல்

ஒவ்வொரு கூட்டுவினையிலும் ஒரு வினைச்சொல்லும், அதை ஒட்டி வரும் ஒரு சிறுசொல்லும் இருக்கின்றன. ‘பிக்’ என்பது வினை, ‘அப்’ என்பது ஒட்டுச்சொல். ‘டர்ன்’ என்பது வினை, ‘ஆஃப்’ என்பது ஒட்டுச்சொல். ‘டு’ என்பது வினையின்மேல்தான் உட்காரும், ஒட்டுச்சொல்லின்மேல் உட்காராது. ஆகவே ‘டு ஆஃப் தி மோட்டர்’ என்பது வாக்கியமே ஆகாது; ‘டு டர்ன் ஆஃப் தி மோட்டர்’ அல்லது ‘டு ஸ்விட்ச் ஆஃப் தி மோட்டர்’ என்பதே வாக்கியம்.

வினை எது என்று ஐயம் வந்தால் இறந்த காலத்தில் சொல்லிப் பார்க்கலாம். ‘நேற்று லாகின் பண்ணினேன்’ என்பது ‘ஐ லாக்டு இன் யெஸ்டர்டே’ என்றாகும்; ‘லாகின்டு’ என்று ஆகாது. காலம் காட்டும் ‘-டு’ ஒலி எந்தச் சொல்லில் ஒட்டிக்கொள்கிறதோ அதுவே வினை. ஆனால் முன்னால் இன்ஃபினிட்டிவின் ‘டு’ (தமிழ் வினையெச்சம்போல வேர்ச்சொல்லுக்கு முன் வருவது) வந்துவிட்டால் அந்த வினை காலம் காட்டாது. ‘ஐ வாண்டட் டு லாக் இன்’ என்ற வாக்கியத்தில் நடந்த காலத்தை ‘வாண்டட்’ காட்டிவிட்டது. ‘லாக்’ வெறும் வேர்ச்சொல்லாகவே நிற்க வேண்டும். ‘ஐ வாண்டட் டு லாக்டு இன்’ என்பது காலத்தை இருமுறை சொல்வதாகும்.

எழுத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘லாகின்’, ‘பேக்கப்’, ‘செட்டப்’, ‘பிக்கப்’ எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதப்படுகின்றன. ‘ஃபாலோ-அப்’ போன்றவற்றுக்கு இடையில் சிறுகோடு போடுகிறார்கள். வினையாக வரும்போது அவை இரண்டு சொற்கள். ‘மை லாகின் இஸ் நாட் ஒர்க்கிங்’ என்பதில் ஒன்று. ‘ஐ ஆம் அனேபிள் டு லாக் இன்’ என்பதில் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்குக்கு அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான் என்பேன். ஒலியிலும் வேறுபாடு உண்டு: பெயர்ச்சொல்லில் அழுத்தம் முன்னால் விழும், வினையில் பின்னால் நிற்கும் ஒட்டுச்சொல்லில் விழும். ‘டு பிக் அப்’ என்று சொல்லும்போது ‘அப்’ தெளிவாகக் கேட்க வேண்டும். ‘டு’வோ ஏறக்குறைய ‘ட’ என்று தேய்ந்து ஒலிக்கும்.

இரண்டாம் படி: ‘டு’ எங்கே வரும், எங்கே வராது

தமிழில் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் இந்த ‘டு’ செய்கிறது. ‘உண்ண வந்தான்’ என்பதில் ‘உண்ண’ எப்படியோ, அப்படித்தான் ‘டு ஈட்’. வேறுபாடு வரிசையில் இருக்கிறது. நாம் எச்சத்தை முன்னால் வைத்து முற்றுவினையில் முடிக்கிறோம். ஆங்கிலம் முற்றுவினையை முன்னால் வைத்து எச்சத்தைப் பின்னால் விடுகிறது. ‘வீட்டைக் காலி பண்ண முடிவு செய்தேன்’ என்பது ‘ஐ டிசைடட் டு மூவ் அவுட்’ என்றாகும். தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தால் ஆங்கில வரிசை பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

விரும்புவது, வேண்டியிருப்பது, முயல்வது, மறப்பது, திட்டமிடுவது, ஒப்புக்கொள்வது, மறுப்பது ஆகியவற்றைச் சொல்லும் வினைகளுக்குப் பின் ‘டு’ வரும். ‘ஐ நீட் டு டாப் அப் மை மெட்ரோ கார்டு’, ‘ஷி அக்ரீட் டு ஃபில் இன் ஃபார் மீ’ (எனக்குப் பதிலாக வேலையைப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டார்), ‘தி ஓனர் ரெஃப்யூஸ்டு டு கிவ் பேக் தி டெபாசிட்’ என்பன போல. பல வீட்டு உரிமையாளர்கள் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே கடைசி வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்துவைத்திருப்பது வீண்போகாது.

‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘வில்’ ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ வராது: ‘ஐ கேன் டிராப் யூ ஆஃப்’. ‘லெட்’, ‘மேக்’ ஆகியவற்றுக்குப் பின்னும் வராது: ‘லெட் மீ லாக் இன்’, ‘ஹி மேட் அஸ் ஸ்டார்ட் ஓவர்’. ‘ஹெல்ப்’ மட்டும் இரண்டுக்கும் இடங்கொடுக்கும்.

ஒருவர் மற்றவரைச் செய்யச் சொன்னதைக் கூறும்போது நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘மேனேஜர் என்னிடம் பிறகு கூப்பிடச் சொன்னார்’ என்பதில் உள்ள ‘என்னிடம்’ ஆங்கிலத்தில் ‘டு மீ’ என்று நுழைந்துவிடும். சரியான வாக்கியம் ‘மை மேனேஜர் டோல்ட் மீ டு கால் பேக்’ என்பதே. ‘டு’ ஒன்றுதான், அது ஆளுக்கு முன்னால் வராமல் வினைக்கு முன்னால் வருகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ‘ஹி டோல்ட் மீ நாட் டு புட் இட் ஆஃப்’ (தள்ளிப்போட வேண்டாம் என்றார்) என்று ‘நாட்’ முன்னால் வரும்.

நோக்கத்தைச் சொல்லும்போதும் கவனம் தேவை. ‘ஆவணங்களைக் கொடுப்பதற்காக வந்தேன்’ என்ற தமிழ் வாக்கியத்தின் ‘-அதற்காக’ நம்மை ‘ஐ கேம் ஃபார் கிவிங்’ என்று சொல்லவைக்கிறது. ஆங்கிலம் அந்த இடத்தில் வெறும் ‘டு’வோடு நின்றுவிடும்: ‘ஐ கேம் டு டிராப் ஆஃப் தி டாக்குமென்ட்ஸ்’. தொல்காப்பியர் எண்ணும் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செய’, ‘செயற்கு’ இரண்டும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. ஆங்கிலத்தில் இவ்விரண்டின் வேலையையும் ஒரே ‘டு’ பார்த்துக்கொள்கிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாம் படி: அவளை, அதை, அவரை எங்கே வைப்பது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிடத் தக்க படி இதுதான். பெரும்பாலான பிழைகள் இங்கே நிகழ்கின்றன. இதைச் சரிசெய்துவிட்டால் பேச்சின் தோரணையே மாறிவிடும்.

சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் அம்மா வருகிறார் என்றும், கே.ஆர்.புரத்தில் இறங்கப்போகிறார் என்றும், அவரை அழைத்துவர அலுவலகத்திலிருந்து சற்று முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மேலாளருக்கு இப்படி எழுதலாம்: ‘ஐ ஹேவ் டு பிக் அப் மை மதர் ஃப்ரம் கே.ஆர்.புரம்’. அல்லது இப்படியும் எழுதலாம்: ‘ஐ ஹேவ் டு பிக் மை மதர் அப் ஃப்ரம் கே.ஆர்.புரம்’. இரண்டும் சரி. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை அது ஒட்டுச்சொல்லுக்குப் பின்னும் வரலாம், வினைக்கும் ஒட்டுச்சொல்லுக்கும் நடுவிலும் வரலாம்.

மேலாளர் உடனே, ‘உங்கள் தம்பி போக முடியாதா?’ என்று கேட்டால், இப்போது ‘அம்மா’ என்று மறுபடியும் சொல்லாமல் ‘அவரை’ என்போம். அந்த நிலையில் சுதந்திரம் பறிபோகிறது. ‘நோ, ஐ ஹேவ் டு பிக் ஹர் அப் மைசெல்ஃப்’ என்று மட்டுமே சொல்ல முடியும். ‘டு பிக் அப் ஹர்’ என்பது பிழை. ‘ஹர்’, ‘ஹிம்’, ‘இட்’, ‘தெம்’, ‘மீ’, ‘அஸ்’, ‘யூ’ ஆகிய பிரதிப்பெயர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். ‘பிக்கப்’ என்பதை ஒரே கட்டியாக மனத்தில் வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டியைப் பிளந்து நடுவில் ஓர் ஆளை உட்காரவைக்கத் தோன்றாது. அதனால்தான் முதற்படியில் கட்டியை உடைக்கச் சொன்னேன்.

இதே முறையில் சில அன்றாட வாக்கியங்கள். படிவத்தை நிரப்ப வேண்டும்: ‘யூ நீட் டு ஃபில் இட் இன்’. மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன்: ‘ஐ ஃபர்காட் டு டர்ன் இட் ஆஃப்’. முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்: ‘ஹி ரெஃப்யூசஸ் டு கிவ் இட் பேக்’. அவரை நாளைக்குத் திரும்ப அழைக்க முயல்கிறேன்: ‘ஐ வில் டிரை டு கால் ஹிம் பேக் டுமாரோ’. கூட்டத்தை ரத்துசெய்ய முடிவெடுத்தார்கள்: ‘தே டிசைடட் டு கால் இட் ஆஃப்’. இவற்றை வாய்விட்டுச் சொல்லும்போது கடைசி ஒட்டுச்சொல்லில் குரல் சற்று உயர்ந்து நிற்பதைக் கவனிக்கலாம்.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் அதை நடுவில் திணிக்க வேண்டாம். அம்மாவோடு அத்தையும் ஊறுகாய்ப் பாட்டில்கள் நிறைந்த பெரிய பையும் வருகின்றன என்றால் அத்தனையையும் ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் இடையில் வைக்கும்போது, கேட்பவர் ‘அப்’ வருவதற்குள் களைத்துவிடுவார். ‘டு பிக் அப் மை மதர், மை ஆன்ட் அண்ட் எ வெரி பிக் பேக்’ என்பதே நல்லது.

இனி, எந்த நிலையிலும் பிரியாத கூட்டுவினைகள் ஒரு வகை. ‘லுக் ஆஃப்டர்’ (கவனித்துக்கொள்), ‘லுக் இன்டு’ (ஆராய்ந்து பார்), ‘லுக் ஃபார்’ (தேடு), ‘ரன் இன்டு’ (எதிர்பாராமல் சந்தி), ‘கம் அக்ராஸ்’ (தற்செயலாகக் காண்) முதலியன இதில் அடங்கும். இங்கே பிரதிப்பெயரும் கடைசியில்தான் வரும்: ‘ஐ வில் ஆஸ்க் தி டீம் டு லுக் இன்டு இட்’, ‘ஷி வாண்ட்ஸ் சம்ஒன் டு லுக் ஆஃப்டர் ஹிம்’. ‘டு லுக் இட் இன்டு’ என்று ஒருபோதும் வராது.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒட்டுச்சொல்லைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். ‘இன்டு’, ‘ஆஃப்டர்’, ‘ஃபார்’, ‘அட்’, ‘அக்ராஸ்’ ஆகியவை வந்தால் பிரிவதில்லை. ‘அப்’, ‘அவுட்’, ‘டவுன்’, ‘பேக்’, ‘அவே’ ஆகியவை வந்து, செயப்படுபொருளும் இருந்தால் பெரும்பாலும் பிரியும். ‘ஆஃப்’, ‘ஆன்’ இரண்டும் இரு பக்கமும் விளையாடுபவை: விளக்கு என்றால் ‘டர்ன் இட் ஆஃப்’, பேருந்து என்றால் ‘கெட் ஆஃப் இட்’. ஊகத்தை நம்பாதவர்கள் ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளைப் பார்க்கலாம். அவற்றில் சில, பிரியும் கூட்டுவினைகளுக்கு நடுவே இருபக்கமும் முனையுள்ள அம்புக்குறியை அச்சிட்டிருக்கும். அந்தக் குறி இருந்தால் பிரிக்கலாம் என்று பொருள்.

மூன்று சொற்கள் சேர்ந்தவையும் பெரும்பாலும் பிரிவதில்லை. ‘ரன் அவுட் ஆவ்’ (தீர்ந்துபோ), ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்), ‘கேட்ச் அப் வித்’ (எட்டிப் பிடி) முதலியன அப்படி. 2024 கோடையில் இந்த நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றி, அடுக்ககங்களில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்கள் அனைவரும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் இது: ‘வி ஆர் லைக்லி டு ரன் அவுட் ஆவ் வாட்டர்’. தண்ணீரை எழுவாயாக வைத்தால் ‘ஆவ்’ போய்விடும்: ‘தி வாட்டர் இஸ் லைக்லி டு ரன் அவுட்’.

ஏறுவதும் இறங்குவதும்

புதிதாக வருபவருக்கு நாள்தோறும் தேவைப்படுவது என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பயணிக்கத்தக்க பெரிய வண்டிகளான பேருந்து, ரயில், மெட்ரோ ஆகியவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே போய் உட்கார வேண்டிய ஆட்டோ, காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ஒயிட்ஃபீல்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோவிலேயே போக விரும்புபவருக்கு வழி சொல்வதானால், பர்ப்பிள் லைனில் ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கி, கிரீன் லைனில் ஆர்.வி.ரோடுவரை சென்று, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட யெல்லோ லைனுக்கு மாற வேண்டும். ஆங்கிலத்தில்: ‘யூ ஹேவ் டு கெட் ஆஃப் அட் மெஜஸ்டிக் அண்ட் கெட் ஆன் தி கிரீன் லைன்’. ‘அண்ட்’ சேர்த்த இரண்டாவது வினைக்கு ‘டு’வைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, முதல் ‘டு’ இரண்டையும் தாங்கும்.

‘கெட் டவுன்’ என்று நாம் சொல்வது இந்தியா முழுவதும் புரியும். இங்கே பேருந்திலும் ஆட்டோவிலும் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். வெளிநாட்டவரிடம் பேசும்போது மட்டும் ‘கெட் ஆஃப்’ என்று மாற்றிக்கொண்டால் போதும்.

நான்காம் படி: கடைசியில் நிற்கும் சிறுசொல்லை விட்டுவிடாமல் இருத்தல்

‘குடிபோக ஒரு வீடு தேடுகிறேன்’ என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முழுமையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஹவுஸ் டு மூவ்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். வீட்டையே நகர்த்தப்போகிறீர்களோ என்று கேட்பவர் குழம்பவும் கூடும். ‘எ ஹவுஸ் டு மூவ் இன்டு’ என்று முடிக்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வந்து அதை விவரிக்கும்போது, அந்தப் பெயர்ச்சொல்லைத் தாங்க வேண்டிய ஒட்டுச்சொல் கடைசியில் தனியாக நின்றே ஆக வேண்டும். ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ என்பது ‘தேர் இஸ் நத்திங் டு ஒர்ரி அபவுட்’. ‘நம்பி இருக்க ஒரு நண்பர்’ என்பது ‘எ ஃப்ரெண்ட் டு ரிலை ஆன்’. ஆங்கில வாக்கியம் சிறுசொல்லில் முடியக்கூடாது என்று பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் அதை இங்கே மறந்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான பிழை, தேவையில்லாத ‘இட்’டைச் சேர்ப்பது. ‘இந்தப் பெட்டி தூக்க முடியாத அளவு கனம்’ என்பது ‘திஸ் பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு பிக் அப்’ என்பதோடு முடிந்துவிடும். பெட்டி என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் ‘பிக் இட் அப்’ என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை. ‘திஸ் ஃபார்ம் இஸ் ஈஸி டு ஃபில் இன்’ என்பதும் அப்படியே. செயப்பாட்டில் வரும்போதும் ஒட்டுச்சொல் வினையை விட்டு அகலாது: ‘தி ஃபார்ம் ஹேஸ் டு பி ஃபில்டு இன்’.

இன்னொரு ‘டு’

இதுவரை சொன்ன ‘டு’ வினையெச்சத்தின் ‘டு’. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுபோல நிற்கும் மற்றொரு ‘டு’ இருக்கிறது. சில கூட்டுவினைகளின் வாலாகவும் அது வந்து நிற்கும். மின்னஞ்சலின் கடைசி வரியில் அனைவரும் எழுதும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ அத்தகையது. அதற்குப் பின் வினையின் ‘-இங்’ வடிவம் வரும்: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்பது இந்தியா முழுவதும் பரவிவிட்ட பிழை. வேலை விண்ணப்பத்தில் மட்டுமாவது தவிர்க்கலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ என்பது பொருந்துகிறது. ஆகவே அது வேற்றுமை ‘டு’, பின்னால் ‘-இங்’. ‘ஐ வாண்ட் டு இட்’ என்பது பொருந்தவில்லை. ஆகவே அது வினையெச்ச ‘டு’, பின்னால் வேர்ச்சொல். ‘கெட் அரவுண்ட் டு’ (ஒருவழியாக நேரம் ஒதுக்கிச் செய்) என்பதும் முதல் வகையே: ‘ஐ நெவர் காட் அரவுண்ட் டு ஃபில்லிங் இட் இன்’.

மறப்பது, நினைவில் வைப்பது, நிறுத்துவது ஆகிய வினைகளுக்குப் பின் ‘டு’வும் ‘-இங்’கும் இரண்டுமே வரும், ஆனால் பொருள் மாறும். மேல்தொட்டி வழிந்து ஓடி, அடுக்ககச் செயலாளர் கதவைத் தட்டிக் கேட்கும்போது ‘ஐ ரிமெம்பர் டர்னிங் இட் ஆஃப்’ என்றால் அணைத்தது எனக்கு நினைவிருக்கிறது என்று பொருள். ‘ஐ ரிமெம்பர்டு டு டர்ன் இட் ஆஃப்’ என்றால் அணைக்க வேண்டும் என்பது மறக்காமல் நினைவுக்கு வந்து, அணைத்தும்விட்டேன் என்று பொருள். ‘ஐ ஸ்டாப்டு டு பிக் அப் வெஜிடபிள்ஸ்’ என்றால் காய்கறி வாங்க வழியில் நின்றேன். ‘ஐ ஸ்டாப்டு பிக்கிங் அப் வெஜிடபிள்ஸ்’ என்றால் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

எங்கே எதைப் பயன்படுத்துவது

கூட்டுவினைகள் கொச்சையானவை, எழுத்தில் கூடாதவை என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது முழுவதும் சரியன்று. இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை 1925-ல் எழுத்தில் எடுத்தாண்ட லோகன் பியர்சால் ஸ்மித், அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியிடமிருந்து பெற்றார். பெயர்தான் அண்மையது, வழக்கு பல நூற்றாண்டுப் பழமையுடையது. ‘செட் அப்’, ‘ஷட் டவுன்’, ‘ரோல் அவுட்’, ‘ரோல் பேக்’ ஆகியவை இல்லாமல் இந்நகரத்தின் மென்பொருள் நிறுவனங்களில் ஓர் ஆவணமும் எழுத முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் ‘வெக்கேட்’ என்று இருக்கட்டும். உரிமையாளருக்கு வாட்ஸாப்பில் ‘ஐ ஆம் பிளானிங் டு மூவ் அவுட் நெக்ஸ்ட் மந்த்’ என்று எழுதுவதே இயல்பு.

நம் நாட்டு வழக்குகள் சிலவற்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கல்லூரியை முடித்ததை ‘பாஸ் அவுட்’ என்போம். வெளிநாட்டவர் பலர் அதை மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ வேண்டியதில்லை, ‘டு கோப் வித் தி ஒர்க்’ போதும். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’ மிகை.

பயிற்சி செய்யும் முறை

பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்றைக்கு நீங்கள் பேசிய தமிழில் ‘பண்ண’ சேர்ந்து வந்த ஆங்கிலச் சொற்களைக் கைபேசியில் குறித்து வாருங்கள். உங்களுக்குத் தேவையான கூட்டுவினைகள் அவையே. இரவில் ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்: முதலில் ‘ஐ நீட் டு’ என்று தொடங்கி, பெயர்ச்சொல்லோடு, அடுத்து அதே வாக்கியத்தில் பெயர்ச்சொல்லை ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹர்’ என மாற்றி, பிறகு ‘ஹி டோல்ட் மீ டு’ என்று வேறொருவர் சொன்னதாக.

‘டேட்டாவை பேக்கப் பண்ணணும்’ என்று குறித்திருந்தால்: ‘ஐ நீட் டு பேக் அப் தி டேட்டா’, ‘ஐ நீட் டு பேக் இட் அப்’, ‘ஹி டோல்ட் மீ டு பேக் இட் அப்’. ‘கிளையண்ட்டை ஃபாலோ-அப் பண்ணணும்’ என்று குறித்திருந்தால் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் ஆளைக் குறிக்கும்போது அங்கே ஒரு ‘வித்’ தேவைப்படுகிறது: ‘ஐ நீட் டு ஃபாலோ அப் வித் தி கிளையண்ட்’, ‘ஐ நீட் டு ஃபாலோ அப் வித் ஹிம்’, ‘ஹி டோல்ட் மீ டு ஃபாலோ அப் வித் ஹிம்’. மூன்று சொற்கள் சேர்ந்துவிட்டதால் ‘ஹிம்’ நடுவில் நுழையாமல் கடைசியிலேயே நிற்கிறது. விஷயத்தைக் குறித்தால் ‘வித்’துக்குப் பதில் ‘ஆன்’ வரும்: ‘ஐ ஆம் ரைட்டிங் டு ஃபாலோ அப் ஆன் மை அப்ளிகேஷன்’. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் அனுப்பும் மின்னஞ்சலின் முதல் வரியாக இதை அப்படியே எழுதலாம்.